தலையில கீத்து போட்ட எழுத்து

கீத்து போடாம அடிச்சுப் பார்த்தேன், கம்ப்யூட்டர் இல்லன்னுது. கீத்து போட்டு அடிச்சேன், அப்பவும் இல்லன்னுது. கில்லன் பாரே. கடைசியில வர்ற இங்கிலீஷ் ஈ எழுத்து தலையில சாய்வா ஒரு கீத்து, ஈ மேல ஈ உட்கார்ந்த மாதிரி. யாரோ பிரெஞ்சுக்கார டாக்டருங்க பேராம். அந்த நோவைப் பத்தி அவங்கதான் எழுதி வெச்சாங்களாம், அதனால அவங்க பேரையே வெச்சுட்டாங்களாம். வெச்சுக்கட்டும். புதுச்சேரியில பொறந்தவனுக்கு இந்தக் கீத்து ஒண்ணும் புதுசு இல்ல, தெருப் பலகைல பாதி இதுதான். சின்ன வயசுல பெயிண்டர் பிரஷ்ஷ உதறின கறைன்னு நெனச்சிருக்கேன். ஆனா அது என் வீட்டுக்குள்ள வந்து அஞ்சுகத்தோட கால் விரல்ல ஏறும்னு நெனச்சேனா. கால் விரல் மதமதன்னு இருக்குதுங்கன்னா. செருப்ப மாத்துன்னேன். நான் பார்த்த வைத்தியம் அவ்ளோதான். அப்பறம் முட்டி, அப்பறம் டம்ளரப் பிடிக்க முடியல, அப்பறம் இருமக்கூட முடியல. இப்ப எதிர்க் கட்டடத்துல மூணாவது மாடியில ஒரு மெஷின் மூச்சு விடுது, அதுக்குப் பக்கத்துல என் பொண்டாட்டி படுத்திருக்கா. நான் இங்க மெடிக்கல் காலேஜ் லைப்ரரி கவுண்டர்ல உட்கார்ந்து ஆல்ட்டை அமுக்கிப் பிடிச்சுகிட்டு நூத்தி முப்பது அடிக்கறேன். விட்டா கீத்து போட்ட ஈ வரும். வந்துது. தேடுன்னு அமுக்கினேன். முடிவுகள் ஏதும் இல்லை. எவ்ளோ மரியாதையா சொல்லுது பாரு. வேற சொற்களைக் கொண்டு முயலவும்னு புத்தி வேற.

லீவு எடுங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எடுத்து? மேல வெயிட்டிங் ஹால்ல இரும்பு நாற்காலி, அதுல என் கொழுந்தியா கோமளா உட்கார்ந்திருக்கா, யார் பேரக் கூப்பிட்டாலும் எழுந்து நிக்கறா. விசிட்டிங் நேரம் சாயங்காலம்தான். அதுவரைக்கும் அந்த ஹால்ல இருந்தா மனுசனுக்கு காது மட்டும்தான் வேலை செய்யும், ஒவ்வொரு செருப்புச் சத்தமும் நமக்குத்தான்னு தோணும். இங்கன்னா கை வேலை செய்யும். கை வேலை செஞ்சா மனசு கொஞ்சம் சும்மா இருக்கும்னு நெனச்சேன், அது இருக்கற லட்சணம் தெரியுது. ஒரே வார்த்தைய எத்தனை விதமா அடிக்கறேன். பாரே மட்டும். ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டு. கோடு இல்லாம. நம்ம லைப்ரரி கேட்லாக் சங்கதி எனக்குத் தெரியாதா. கார்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப காண்ட்ராக்ட்டுக்கு வந்த பொண்ணுங்க ஆளுக்கொரு வழி வெச்சிருந்தாங்க. கீத்து வந்தா ஒருத்தி அந்த எழுத்தையே விட்டுடுவா, ஒருத்தி நட்சத்திரம் போடுவா, இன்னொருத்தி ஒரு எடம் காலியா விட்டுட்டுப் போயிடுவா, யாரோ வந்து உட்காரப் போற மாதிரி. அப்பறம் சாஃப்ட்வேர் மாத்தினப்போ மிச்சம் மீதி எல்லாம் கட்டங்கட்டமா ஆயிடுச்சு. வெளிநாட்டு லைப்ரரி கேட்லாக்குங்க அப்படி இல்ல. கீத்து போட்டாலும் எடுத்துக் குடுக்கும், போடாட்டியும் எடுத்துக் குடுக்கும், எழுத்து ஒண்ணு தப்பாப் போனா நீங்க இதத்தான் கேக்கறீங்களான்னு கேட்டுக்கும். பெரிய மனசு. நம்மளுது ரோஷக்காரி, சரியாக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பா. காலையில ஒரு வெளிநாட்டு கேட்லாக்ல அடிச்சேன். ஆயிரக்கணக்குல வந்து கொட்டிச்சு. ஒவ்வொரு தலைப்புலயும் ஒரு வார்த்தை நெஞ்சுல குத்துது. ஒண்ணுல முழுசா செயலிழப்புன்னு இருந்துது. ஒண்ணுல இறப்பு விகிதம்னு இருந்துது. மூடிட்டேன். அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்கு வேண்டியது புஸ்தகம் இல்ல. கேட்லாக்குதான். அது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும், உள்ள என்னா இருக்குன்னு சொல்லாது. பகல்ல மில்லு, ராத்திரி பள்ளிக்கூடம்னு படிச்சவன் நான், புஸ்தகத்தக் கண்டு பயந்ததே இல்ல. இப்ப நரம்பியல் ரேக்கு நாலு எட்டு வெச்சா போற தூரம். தடியா, சிவப்பா, வரிசையா நிக்குது. நேராப் போய் ஒண்ண உருவி பின்னாடி பட்டியலப் பார்த்தா முடிஞ்சுது. போக மாட்டேங்கறேன். தேடறேன். தேடறவரைக்கும் கிடைக்கல, கிடைக்காத வரைக்கும் படிக்க வேண்டியதில்ல.

காலையில டாக்டர் ரெஜினா வெளிய வந்து பேசினாங்க. இங்கயே படிச்ச பொண்ணு, பரீட்சை நேரத்துல இந்த மேசையிலயே தலைய வெச்சுத் தூங்கும், நான்தான் ஃபேனக் குறைப்பேன். இப்ப கழுத்துல ஸ்டெத்தோட நின்னு, "அண்ணா, உட்காருங்க"ன்னாங்க. உட்காருங்கன்னு டாக்டர் சொன்னா அது நல்லதுக்கு இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நின்னேன். "மயக்க மருந்து நேத்தே நிறுத்தியாச்சு. இந்நேரம் முழிச்சிருக்கணும். கூப்பிடறேன், கண்ணத் திறக்கல. கையத் தூக்கச் சொன்னா தூக்க முடியாதுன்னு தெரியும், அது இந்த நோய். ஆனா எதுவுமே திரும்பி வரலண்ணா." "தூங்குறாளோ என்னமோ"ன்னேன். அசட்டுத்தனமா இருந்துது. அவங்க சிரிக்கல. "இந்த நோய் நரம்பத்தான் பிடிக்கும், புத்தியத் தொடாது. அதான் எனக்கு இடிக்குது. சேர்த்த அன்னிக்கே கொஞ்சம் குழப்பமா இருந்தாங்க, கேட்டதுக்கு பதில் சொல்லலன்னு கேஷுவாலிட்டில குறிச்சிருக்காங்க. அப்ப மூளையிலயும் ஏதாவது இருக்கலாம். கீழ கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்." எடுக்க வேண்டியதுதானேன்னேன். "பெரிய மெஷினக் கழட்டி சின்ன மெஷின்ல மாட்டி, லிஃப்ட்ல எறக்கணும். நாடித் துடிப்பு வேற ஏறி ஏறி எறங்குது. வழியில ஏதாவது ஆகலாம். எடுக்காம விட்டாலும் ரிஸ்க். விசிட்டிங்குக்கு வர்றப்ப யோசிச்சு கையெழுத்துப் போட்டுடுங்க." யோசிச்சு. நல்ல வார்த்தை. எதை வெச்சு யோசிக்கறது. லிஃப்ட் கதவு மூடறதும் தெறக்கறதுமா ஓடுது மண்டைக்குள்ள. அந்த லிஃப்ட் எனக்குத் தெரியும், ரெண்டாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்கும், புஸ்தக வண்டி கொண்டுபோறப்ப மேல் அடுக்கு சரிஞ்சுடும். கையெழுத்துப் போடலன்னா மூளையில இருக்கறது தெரியாமலே போயிடும். போட்டா அந்தக் குலுக்கு. ரெண்டுக்கும் முன்னாடி இன்னொண்ணு நிக்குது, அதத்தான் நான் நேராப் பார்க்க மாட்டேங்கறேன். அவ உள்ள இருக்காளா. அஞ்சுகம்னு ஒருத்தி, ஸ்கூல் பஸ்ல ஆயா வேலை, பஸ் நிக்கறதுக்குள்ள படியில எறங்கி நின்னு, ஹாரன் தேவையில்லாத கொரலு. அந்தக் கொரலுக்குச் சொந்தக்காரி அந்த ஒடம்புக்குள்ள இருக்காளா, இல்ல மெஷின் காலி வீட்டுக்கு காத்து அடிச்சுகிட்டு இருக்குதா. நேத்து கையப் பிடிச்சேன். சூடாத்தான் இருந்துது. சூடுன்னா என்னா, கம்ப்யூட்டர் கூடத்தான் சூடா இருக்குது. சேர்த்த அன்னிக்கே குழப்பமா இருந்தாங்க. அது எப்படி. ஆட்டோவுல வர்றப்ப என்கிட்ட, பால்காரர்கிட்ட நாளைக்கு வேணாம்னு சொல்லிடுங்க, கேஸ் மூடினீங்களா, பின்கதவு தாழ்ப்பா போட்டீங்களான்னு வரிசையா கேட்டாளே. குழப்பம் எனக்குத்தான் இருந்துது, தாழ்ப்பா போட்டேனா இல்லையான்னு.

"அண்ணே." தலைய நிமிர்த்தினா ஒரு பையன், பிஜி முதல் வருஷம், கையில போன். "அண்ணே, மெனியேர் டிசீஸ் பத்தி ஒரு புக்கு, கேட்லாக்ல அடிச்சா இல்லன்னு வருது. எங்க சார் இருக்குன்னாரு." அதுவும் கீத்து போட்ட கிராக்கிதான், அஞ்சாவது எழுத்துல கீத்து. "முதல் நாலு எழுத்து அடிச்சு நிறுத்திக்க தம்பி." "நாலே எழுத்தா?" "கீத்து வர்ற எடத்துக்கு முன்னாடி நிறுத்து. வர்றத ஒவ்வொண்ணாப் பாரு." அடிச்சான். "அட, இருக்குண்ணே! நடுவுல ஒரு கட்டம் மாதிரி இருக்கு. அப்ப ஏன் இல்லன்னு சொல்லிச்சு?" "அது இல்லன்னு சொல்லல. நீ கேட்ட மாதிரி இல்லன்னு சொல்லிச்சு." தினம் யார்கிட்டயாவது சொல்ற வார்த்தை, வாய் தானா சொல்லும். பையன் சிரிச்சுட்டு ரேக்கு பக்கம் போயிட்டான். நான் மறுபடி ஆல்ட்டை அமுக்கினேன். நூத்தி முப்பது. விட்டேன். ஈ வந்து உட்கார்ந்துது. எனக்கே என்னமோ மாதிரி இருந்துது, ஊருக்கெல்லாம் கீத்துக்கு முன்னாடி நிறுத்துன்னு சொல்லிட்டு நான் மட்டும் கீத்தப் போட்டுப் போட்டு அடிச்சு இல்லன்னு வாங்கிகிட்டு இருக்கேன். சரின்னு நிறுத்தி அடிச்சேன். வந்துது. நாலு புஸ்தகம். ஒண்ணு நட்சத்திரத்தோட, ஒண்ணு கட்டத்தோட, ரெண்டு காலியா. அத்தனையும் ரேக்குல இருக்குன்னு பச்சையா காட்டுது. இனிமே சாக்கு இல்ல, எழுந்து போக வேண்டியதுதான். எழுந்திருக்கல. நீ கேட்ட மாதிரி இல்ல. கேட்டதுக்கு பதில் சொல்லலன்னு குறிச்சிருக்காங்க. என்னா கேட்டாங்க? அதுவரைக்கும் அது எனக்குத் தோணவே இல்ல. பதில் சொல்லல, பதில் சொல்லலன்னே மண்டைக்குள்ள சுத்திகிட்டு இருந்துதே தவிர, கேள்வி என்னான்னு யாருமே சொல்லல, நானும் கேக்கல. அன்னிக்கு நான் வெளிய வீல் சேர் தேடிகிட்டு இருந்தேன். ஒண்ணுல சக்கரம் இல்ல, ஒண்ணுல கால் வெக்கற பலகை இல்ல. உள்ள அவகூட இருந்தது கோமளா.

போன் அடிச்சேன். முதல் ரிங்லயே எடுத்து, "மாமா, என்னா மாமா, இங்க ஒண்ணும் கூப்பிடலயே, உங்களுக்கு ஏதாச்சும் சொன்னாங்களா?"ன்னு படபடன்னு கேட்டா. "ஒண்ணும் இல்ல, உட்காரு. அன்னிக்கு கேஷுவாலிட்டில உங்க அக்காகிட்ட டாக்டர் என்னா கேட்டாரு?" "எந்த அன்னிக்கு?" "சேர்த்த அன்னிக்கு." "அதுவா. சின்னப் பையன் மாமா அந்த டாக்டரு, மீசைகூட சரியா வரல. இன்னிக்கு என்னா கிழமைன்னாரு. அக்கா கரெக்டா சொல்லுச்சு. இது எந்த எடம்னாரு. சொல்லுச்சு. அப்பறம்..." நிறுத்திட்டா. "அப்பறம் என்னா?" "அப்பறம் உங்க பேரக் கேட்டாரு." "என் பேரா?" "ஆமா. உங்க வீட்டுக்காரர் பேரு என்னாம்மான்னாரு. அக்கா பேசாம இருந்துச்சு. அம்மா, வீட்டுக்காரர் பேரு, ஞாபகம் இருக்கா, யோசிச்சுச் சொல்லுங்கன்னு கத்தி கத்திக் கேட்டாரு. அக்கா மூஞ்சத் திருப்பிக்கிச்சு. அவரு என்னமோ எழுதிக்கினாரு." "நீ சொல்ல வேண்டியதுதானே கோமளா?" "என்னை எங்க கேட்டாரு? கேட்டிருந்தாலும் நான் எப்பிடி மாமா உங்க பேரச் சொல்றது, நல்லா இருக்குது நீங்க சொல்றது!" "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல." "இதெல்லாம் ஒரு விசயமா மாமா? நம்ம வூட்டுல எந்தப் பொம்பளை சொல்றாங்க?" போனுக்குள்ள யாரோ செருப்பத் தேய்ச்சுகிட்டு நடந்து போற சத்தம். "மாமா, அதுக்கா அக்காவுக்கு மூளை சரியில்லன்னு எழுதினாங்க?" அவ கொரலு பாதி சிரிப்புல போய் பாதி அழுகையில எறங்குது. நான் வெச்சுட்டேன்.

வேதகிரி. என் பேருதான், கழுத்துல அடையாள அட்டையில தொங்குது, இங்கிலீஷ்லயும் தமிழ்லயும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ வாயில அது வந்தது இல்ல. என்னைக் கூப்பிடறது ஏங்கன்னுதான். கொழந்தை இருந்தா அது பேரச் சொல்லி அது அப்பான்னு சொல்லியிருப்பா, அதுக்கும் வழியில்லாமப் போச்சு, அதனால ஊருக்கு நான் லைப்ரரிக்காரரு. ரேஷன் கடையில அட்டையத் திருப்பிக் காட்டி விரல வெப்பா. கோயில்ல ஐயரு யார் பேருக்கு அர்ச்சனைன்னா என் பக்கம் திரும்பி மோவாயக் காட்டுவா, எனக்கு நானே பேரு சொல்லி எனக்கு நானே அர்ச்சனை பண்ணிக்கணும். பேரு மட்டுமா, அதுல பாதிகூட வாயில வரக்கூடாது. திருவண்ணாமலைக்குப் போனா எல்லாரும் கிரிவலம்பாங்க, இவ மலை சுத்தறதும்பா. ஒரு தடவை வம்புக்கு, சொல்லேன் பார்ப்போம், இங்க யாரும் இல்லன்னேன். கரண்டியோட அடுப்பு பக்கம் திரும்பிகிட்டு, எதுக்கு இப்ப, கூப்பிட்டா வர்றீங்கல்ல, அப்பறம் பேரு எதுக்குன்னா. பஸ்ல ஏறற அத்தனை பசங்க பேரும் இனிஷியலோட சொல்றவ. அந்த மீசை மொளைக்காத டாக்டர் மேல கோவம் வருதான்னா வரல, அவர் என்னா செய்வாரு, அவர் கேட்லாக்ல அந்த எழுத்து இல்ல. கோவம் வந்தா நல்லாத்தான் இருக்கும், எதையாவது பிடிச்சுக்கலாம். பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம சந்தோசம் மாதிரி ஒண்ணு கிளம்புது, அது எனக்குப் பயமா இருக்குது. அன்னிக்கு குழப்பம் இல்ல, சரி. இன்னிக்கு? அன்னிக்கு வீட்டுல ஆள் இருந்துதுன்னா இன்னிக்கும் இருக்குதுன்னு அர்த்தமா? மருந்து நிறுத்தியும் கண்ணு திறக்கலயே. சீட்ட விட்டு எழுந்தேன், கம்ப்யூட்டர அப்படியே விட்டுட்டு. நாலு புஸ்தகம் பச்சையா நிக்குது. நிக்கட்டும். ரேக்கத் தாண்டி, பையனத் தாண்டி, வெயில்ல எறங்கி நடக்கறேன், செருப்பு மாட்டினேனான்னு பாதி வழியில காலப் பார்த்துக்கறேன். மாட்டியிருக்கேன். லிஃப்டுல ஏறல. படி.

டாக்டர் ரெஜினா மூணாவது மாடி வாசல்லயே இருந்தாங்க, கையில நான் கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரம். சொன்னேன். மூச்சு வாங்கினதுல பாதி அவங்களுக்குப் புரியல, இன்னொரு வாட்டி சொன்னேன். முதல்ல முழிச்சாங்க. அப்பறம் நெத்தியில கைய வெச்சுகிட்டு, "எங்க அம்மாவும் சொல்ல மாட்டாங்கண்ணா. எனக்குத் தோணியிருக்கணும்"ன்னாங்க. "சரி, அப்ப முதல் நாள் சங்கதிய விட்டுடுவோம். இன்னிக்குப் பார்ப்போம். சில பேருக்கு இமைகூட தூக்க முடியாமப் போகும், உள்ள முழிச்சிருப்பாங்க. காலைல மருந்து மிச்சம் இருந்திருக்கலாம். நானே இமையத் தூக்கிப் பிடிச்சுட்டுக் கேக்கறேன், வாங்க." உள்ள குளிரு. பச்சைத் துணிக்கு நடுவுல அஞ்சுகத்தோட மூஞ்சி, வாயில குழாய், மூக்குத்திய கழட்டின எடத்துல சின்னக் குழி. டாக்டர் ரெண்டு விரலால ரெண்டு இமையையும் தூக்கினாங்க. கண்ணு நேரா மேல சீலிங்கப் பார்த்துகிட்டு இருக்குது. அவ கண்ணுதான், ஆனா யாரும் இல்லாத ஜன்னல் மாதிரி. "அஞ்சுகம் அக்கா, நான் சொல்றது ஆமான்னா நெத்திப் பக்கம் பாருங்க. இல்லன்னா சும்மா இருங்க." என் பக்கம் திரும்பி மெதுவா, "காது கேக்குதான்னு கேட்டா, கண்ணு தானா அசைஞ்சாக்கூட ஆமான்னு ஆயிடும். வேற வேற பேரா சொல்லிப் பார்க்கறேன்"ன்னாங்க. டாக்டர், பேரு மட்டும் வேணாம், கிழமை கேளுங்கன்னு வாயத் திறக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க. "உங்க வீட்டுக்காரர் பேரு தனசேகரா?" அசையல. "மாரிமுத்துவா?" அசையல. யாருடா அந்த மாரிமுத்துன்னு அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு எரிச்சல். "வேதகிரியா?"

அசையல. மெஷின் ஒரு மூச்சு விட்டுது, இன்னொண்ணு விட்டுது. முடிஞ்சுதுன்னு நெனச்சேன், இனிமே அந்த லிஃப்ட்தான்னு நெனச்சேன், அப்பறம் மூளைல என்னா இருந்தாலும் அப்பறம் நான் வீட்டுக்குப் போய் அந்தப் பின்கதவத் தெறந்துன்னு என்னென்னமோ நெனச்சுகிட்டு இருக்கறப்ப அவ கண்ணு நகர்ந்துது. மேல போகல. பக்கவாட்டுல, மெதுவா, கனமான பீரோவ நகத்தற மாதிரி, நான் நிக்கற பக்கம் வந்து என் மேல நின்னுது. டாக்டர் ஏதோ சொல்ல வந்தாங்க, நான் கையக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பார்வைய எனக்குத் தெரியும். அம்மா வீட்டுக்குப் போகட்டுமா, அந்தப் புடவைய எடுக்கட்டுமா, எல்லாத்துக்கும் முன்னாடி வர்ற பார்வை. குனிஞ்சு அவ காதுகிட்ட, "பரவால்ல, சொல்லிடு"ன்னேன். கண்ணு என்னை விட்டுது. நெத்திப் பக்கம் போச்சு. போய் அங்கயே கொஞ்சம் நின்னுது. டாக்டர் மூச்ச விட்டாங்க, "அண்ணா, ஸ்கேன் வேணாம். இருக்காங்க, முழுசா இருக்காங்க"ன்னாங்க. இமைய விட்டதும் அது தானா மூடிக்கிச்சு. "ஒரே வாட்டிதான் பார்த்திருக்கோம், எதுக்கும் இன்னொரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கறேன்"ன்னு மறுபடி விரலக் கொண்டு போனாங்க. கிழமையக் கேளுங்க டாக்டர்னேன். பேர இன்னொரு தடவை கேக்காதீங்க, பாவம், கூச்சப்படறா.